இணையதளம் அலுவலர்கள் கைக்குப் போனபோது: ஒரு பயிற்சி மையத்தில் நடந்தது

பின்னணி

மாலை வகுப்புகள் நடத்தும் ஒரு சிறிய பயிற்சி மையம். அதன் இணையதளத்தில் மொத்தம் நாற்பது பக்கங்கள் இருந்தால் அதிகம்: வகுப்பு விவரங்கள், கால அட்டவணை, ஆசிரியர் அறிமுகம், சேர்க்கை விதிகள், அவ்வப்போது ஓர் அறிவிப்பு. தளத்தைக் கட்டிய நிரலாளரே திருத்தங்களையும் செய்துவந்தார். ஒரு தொலைபேசி எண்ணை மாற்றக்கூட அவருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு, அவர் கை ஒழியும்வரை காத்திருக்க வேண்டும். இரு தரப்புக்குமே அலுத்துப்போனது. உலாவியில் உள்நுழைந்து, பக்கத்தைத் திறந்து, எழுத்தை அங்கேயே திருத்தக்கூடிய எளிய கருவி ஒன்றுக்குத் தளத்தை மாற்றினார்கள். கருவியின் பெயர் இங்கே தேவையில்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றிலும் தலைகாட்டுபவை.

திருத்தும் உரிமை நான்கு பேருக்குத் தரப்பட்டது: அலுவலக மேலாளர், இளைய அலுவலர்கள் இரண்டு பேர், அறிவிப்புகளை எழுதித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அரை நாள் பயிற்சியும், திரைப்பிடிப்புகள் ஒட்டிய ஒரு கையேடும் கொடுத்தாயிற்று. அதற்குப் பின் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது என் வேலை.

கையேட்டை யாரும் திறக்கவில்லை. அது கருவியின் பகுதிகள் வாரியாக எழுதப்பட்டிருந்தது. படம் ஏன் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது என்று தவிப்பவர் ‘ஊடக நூலகம்’ என்ற அத்தியாயத்தைத் தேடிப் போகமாட்டார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கேட்டுவிடுவது சுலபம். அப்படித்தான் கேட்டார்கள், கிட்டத்தட்ட தினமும்.

கேள்விகளைக் குறித்துவைத்தது

ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்ததால், எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் குறிக்கத் தொடங்கினோம். யார் கேட்டார், எந்தப் பக்கம், கடைசியில் காரணம் என்னவாக இருந்தது. இன்னொரு நெடுவரிசையும் சேர்த்தோம்: கேட்கும்போது அவர் முன்னால் எந்தத் திரை இருந்தது? இந்த நெடுவரிசைதான் பிறகு மிகவும் உதவியது. ஒரே திரையில் நான்கு பேரும் தடுக்கி விழுகிறார்கள் என்றால், நான்கு பேருக்கும் பாடம் எடுப்பதைவிட அந்தத் திரையைச் சரிசெய்வதுதான் முறை. இதை நாங்கள் முதலிலேயே முடிவுசெய்துவிட்டு இறங்கவில்லை. விரிதாள் நிரம்ப நிரம்ப அது தானாகவே தெரிந்தது.

“மாத்திட்டேன், ஆனா மாறல”

விரிதாளில் அதிகம் வந்த வரி இதுதான். சொல் ஒன்றாக இருந்தாலும் அதற்கடியில் குறைந்தது மூன்று வேறு காரணங்கள் இருந்தன.

முதலாவது, திருத்தம் வரைவாகச் சேமிக்கப்பட்டிருக்கும், வெளியிடப்பட்டிருக்காது. திரையின் மேல் மூலையில் ‘சேமி’, ‘புதுப்பி’ என்று இரண்டு பொத்தான்கள் அருகருகே இருந்தன. வேர்டிலும் எக்செலிலும் பல வருடம் வேலை செய்த ஒருவர் ‘சேமி’யை அழுத்தினால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். அதில் அவர் மேல் என்ன குறை?

இரண்டாவது, இடைநினைவு (கேஷ்). உலாவி பக்கத்தின் பழைய பிரதியை வைத்திருக்கும். தளத்தின் வழங்கியும் (சர்வர்) வேகத்துக்காக ஒரு பிரதியைத் தயாராக வைத்திருக்கும். பல தளங்களில், உள்நுழைந்திருப்பவருக்கு வழங்கியின் அந்தத் தயார் பிரதி காட்டப்படுவதில்லை. பக்கம் அப்போதைக்கப்போது புதிதாகத் தயாராகிறது. அதனால் இதற்கு நேர்மாறான புகாரும் வந்தது: “எனக்குத் தெரியுது சார், வெளிய இருக்கிறவங்களுக்குத்தான் பழசே தெரியுது.” திருத்தியவர் தன் திரையில் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். பார்வையாளர்கள் அன்று முழுக்கப் பழைய பக்கத்தையே படித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, திருத்திய பக்கமே வேறு. பழைய தளத்திலிருந்து இடம் மாற்றியபோது ‘தொடர்புக்கு’ என்ற பெயரில் இரண்டு பக்கங்கள் வந்துவிட்டன. பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்குத்தான் தளத்தின் மெனுப் பட்டியில் இணைப்பு உண்டு. இளைய அலுவலர் ஒருவர் யாருமே பார்க்க முடியாத பக்கத்தில் முகவரியை அழகாகத் திருத்தி வெளியிட்டுவிட்டு, அது ஏன் மாறவில்லை என்று ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு சின்ன வரிசை போதுமானதாக இருந்தது. பக்கத்தை உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே புதியது தெரிந்தால், உங்கள் வழக்கமான சாளரம்தான் பழைய பிரதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயும் பழையது தெரிந்தால் திருத்தும் திரையில் நிலை ‘வரைவு’ என்றா ‘வெளியானது’ என்றா இருக்கிறது எனப் பாருங்கள். வெளியானது என்றிருந்தால், அந்தத் திரையிலேயே ‘பக்கத்தைப் பார்’ என்பதை அழுத்தி, திறக்கும் முகவரியும் நீங்கள் நினைத்த முகவரியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாகவே இருந்தால் வழங்கியின் இடைநினைவைக் காலி செய்ய வேண்டும். அது என் வேலை.

ஆசிரியரின் அறிவிப்புகள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் நல்ல தமிழ் எழுதுபவர். பல வருடங்களாக வேர்டில், யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார். அவருடைய முதல் அறிவிப்பு வெளியானதும் மேலாளர் கூப்பிட்டார்: கைப்பேசியில் பார்த்தால் ஒரு பத்தி முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறது, தளத்தை யாராவது ஊடுருவிவிட்டார்களா?

ஆசிரியரைக் கேட்டால், “என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது தம்பி” என்றார். அவர் சொன்னது உண்மை. பாமினி போன்ற எழுத்துருக்களில், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். வேர்டிலிருந்து ஒட்டியபோது ‘இது பாமினி’ என்ற வடிவமைப்புக் குறிப்பும் கூடவே வந்துவிட்டது. அவர் கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருப்பதால் திருத்தும் திரையிலும் தளத்திலும் அவருக்குத் தமிழாகவே தெரிந்தது. எழுத்துரு இல்லாத எல்லோருக்கும் உள்ளே இருந்த ஆங்கிலக் குப்பை அப்படியே தெரிந்தது.

இதற்கு முன்பே, வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் நிறம், இடைவெளிக் கோளாறுகளுக்காக ‘வடிவமைப்பை நீக்கு’ பொத்தானை எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். ஆசிரியர் நம்பிக்கையோடு அதை அழுத்தினார். அவர் கண்ணெதிரிலேயே தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டது. “நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன், எல்லாம் போச்சு” என்று சொன்னபோது அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. எதுவும் போகவில்லை. போர்வை விலகி, எப்போதும் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு இதை விளக்கி எந்தப் பயனும் இல்லை. பத்தியை யூனிகோடாக மாற்றும் கருவி ஒன்றில் போட்டு, எழுத்துப் பிழை பார்த்து, நானே ஒட்டிக்கொடுத்தேன்.

அவர் முன்பு அனுப்பி நிரலாளர் வழியாக வெளியான சில பழைய பக்கங்களும் இதே நிலையில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவற்றைத் தேடுபொறியில் தமிழில் தேடி யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே இருந்தது தமிழே அல்லவே.

மற்றவை

சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைப்பு நிலைகளை எழுத்தின் அளவாக நினைத்துக்கொண்டு, பார்க்க அழகாக இருக்கிறது என்று நான்காம் நிலைத் தலைப்பை முழுப் பத்திக்கும் போட்டிருந்தார்கள். திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் தலைப்புகளைப் பிடித்துத்தான் பக்கத்தில் தாவிப் போகிறார்கள் என்று சொன்னதும் அது நின்றது. முகவரியின் வரிகளுக்கிடையே பெரிய இடைவெளி விழுவதற்குக் காரணம் என்டர். ஷிப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் பத்தி உடையாமல் வரி மட்டும் இறங்கும். இணைப்பு கொடுக்கும்போது இணைய முகவரியின் ‘https://’ முன்னொட்டை விட்டுவிட்டால், கருவி அதை நம் தளத்துக்குள்ளேயே உள்ள பக்கம் என்று எடுத்துக்கொண்டு ‘404’ (பக்கம் இல்லை) காட்டும். திருத்தும் திரையின் முகவரியையே நகலெடுத்து அறிவிப்பில் போட்டதால், படிப்பவர்கள் உள்நுழைவுப் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டதும் உண்டு.

பக்க முகவரி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கருவி தலைப்பிலிருந்து முகவரியைத் தானே உருவாக்கும். தமிழ்த் தலைப்பு என்றால் தமிழ் முகவரி. உலாவியில் அது நன்றாகத் தெரியும். நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பெரும்பாலும் ‘%E0’ போன்ற விழுக்காட்டுக் குறிகளாக விரியும். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் புள்ளியும் கொக்கியும் சேர்த்து 5 குறியீடுகள், ஆக 45 எழுத்துகள். ஆறேழு சொல் கொண்ட தலைப்பின் முகவரி செய்தியில் நாலைந்து வரிக்கு நீண்டு, பாதியில் வெட்டுப்பட்டுப் போனது. மேலும், எங்கள் கருவியில் தலைப்பைத் திருத்தினால் முகவரியும் சேர்ந்து மாறியது. ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின.

படங்களில் ஒரு தவறான நம்பிக்கை எல்லோரிடமும் இருந்தது: மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் படம் சிறிதாகிவிடும் என்று. 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000க்கு 3000 புள்ளி. அதை 800க்கு 600 அளவில் காட்டினாலும், எங்கள் கருவியில் இறங்கியது முழுக் கோப்புதான். அதாவது தேவைப்பட்டதைப் போல 25 மடங்கு புள்ளிகள். ஆசிரியர் அறிமுகப் பக்கத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. அலுவலகத்தின் வேகமான இணைப்பில் அந்தக் கனம் யாருக்கும் உறைக்கவில்லை.

கேள்வியே கேட்காதவர் ஒருவரும் இருந்தார்: மேலாளர். விரிதாளில் அவர் பெயருக்கு நேரே முதல் வாரத்துக்குப் பின் எதுவும் இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது போலும் என்று நினைத்தோம். பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒருமுறை ஒரு பத்தி தவறுதலாக அழிந்ததிலிருந்து அவர் உள்நுழைவதையே நிறுத்திவிட்டார். திருத்தங்களைத் தாளில் எழுதி இளையவர்களிடம் கொடுத்துவந்தார். “எதையாவது அழுத்தி மொத்தமும் போயிடுச்சுன்னா?” என்பதுதான் அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

கால அட்டவணை நிகழ்வு

புதிய பருவத்துக்கான கால அட்டவணை பிடிஎஃப் கோப்பாகத் தயாரானது. அலுவலர் அதைப் பழைய கோப்பின் அதே பெயரில் பதிவேற்றினார். அதே பெயர் என்பதால் பழையது நீங்கி அந்த இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும் என்று எண்ணினார். கணினியில் ஒரு கோப்புறையில் அப்படித்தான் நடக்கும். இந்தக் கருவியோ, பல கருவிகளைப் போலவே, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதியதன் பெயருக்குப் பின்னால் ‘-1’ சேர்த்துக்கொண்டது. முகப்புப் பக்கத்தில் இணைப்பைப் புதிதாகப் போட்டதால் அங்கே சரியான அட்டவணை திறந்தது. வகுப்புகள் பக்கத்தில் இருந்த இணைப்பு பழைய கோப்புக்கே போனது. தேடுபொறி முடிவுகளிலும் பழைய கோப்புதான் நேரடியாக வந்தது.

முதல் நாள் சிலர் பழைய நேரத்துக்கு வந்து நின்றார்கள். தளத்தில் பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்று கைப்பேசியைக் காட்டினார்கள். மேலாளர் முகப்பைத் திறந்து, சரியாகத்தானே இருக்கிறது என்றார். இரண்டு தரப்பும் சொன்னது சரிதான் என்று புரிய அரை மணி நேரம் பிடித்தது.

பழைய கோப்பை உடனே அழித்துவிடலாம் என்பது முதல் யோசனை. அழித்தால், ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகளும் தேடல் முடிவுகளும் ‘404’ஐக் காட்டும், வருபவருக்குத் தவறான நேரத்துக்குப் பதில் எந்த நேரமும் கிடைக்காது. அதனால் வழங்கியில் பழைய கோப்பின் இடத்தில் புதிய கோப்பை அதே பெயரில் வைத்து, இடைநினைவையும் காலி செய்தோம். அன்றைய தீ அணைந்தது. அடுத்த பருவத்தில் இதே கதை மறுபடி நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விரிதாளை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து பேசியது இதற்குப் பிறகுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இன்னொரு பயிற்சி வைக்கலாம் என்பது ஒரு கருத்து. காணொளிகள் தயாரிக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் விட்டோம். ஒருவர் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய விதி, அவசரம் மிகுந்த நாளில் கண்டிப்பாகத் தவறும். அறிவிப்புகள் வெளியாவதோ அவசரமான நாட்களில்தான். காணொளியோ, கருவியின் அடுத்த பதிப்பில் திரை மாறினால் பழசாகிவிடும். கருவியின் அமைப்புகளிலேயே கை வைப்பது என்று முடிவானது.

கருவிப்பட்டையிலிருந்து எழுத்துரு, எழுத்தளவு, நிறம் மூன்றையும் எடுத்துவிட்டோம். இரண்டு நிலைத் தலைப்பு, தடித்த எழுத்து, பட்டியல், இணைப்பு, படம், அட்டவணை மட்டும் மிஞ்சின. ஒட்டும்போது எப்போதும் வெறும் எழுத்தாகவே விழும்படி அமைத்தோம். இளையவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்பதைச் சிவப்பில் போடாமல் எப்படி? நியாயமான கேள்வி. அதற்காக ‘அறிவிப்புப் பெட்டி’ என்று ஒரே ஒரு வடிவத்தைச் சேர்த்தோம், நிறம் தளத்தின் பாணியிலிருந்தே வரும்.

பொத்தான்களின் பெயர்களை ‘வரைவாக வை’, ‘தளத்தில் வெளியிடு’ என்று மாற்றினோம். வெளியிட்டவுடன் அந்தப் பக்கத்தின் இடைநினைவு தானே காலியாகும்படி செய்தோம். பதிவேறும் படங்கள் 1600 புள்ளி அகலத்துக்குத் தானாகச் சுருங்கும். தலைப்பு மாறினாலும் முகவரி மாறாது. முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே முகவரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதிலிருந்து 301 திருப்பல் (வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போடப்படும்.

கால அட்டவணையைப் பிடிஎஃபாகக் கொடுப்பதை நிறுத்தி, பக்கத்திலேயே அட்டவணையாகப் போடுவது என்று முடிவானது. ஒரே இடத்தில் திருத்தினால் போதும், கைப்பேசியிலும் பெரிதாக்காமல் படிக்கலாம். அச்சிட விரும்புவோர் பக்கத்தையே அச்சிட்டுக்கொள்ளட்டும்.

உரிமைகள் விஷயத்தில் நீண்ட விவாதம் நடந்தது. எல்லாத் திருத்தமும் மேலாளரின் ஒப்புதலுக்குப் பிறகே வெளியாக வேண்டும் என்று ஒரு யோசனை. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் தளம் உறைந்து நிற்கும். நிரலாளருக்குக் காத்திருந்த பழைய நிலைக்கே திரும்புவோம். அதனால் நான்கு பேருமே வெளியிடலாம், பக்கத்தை நீக்கும் உரிமை மட்டும் ஒருவருக்கு என்று வைத்தோம். திருத்த வரலாறு எல்லோருக்கும் திறந்திருக்கும்.

பொதுப்பார்வைக்கு வராத ஒரு சோதனைப் பக்கத்தையும் உருவாக்கினோம். ஒவ்வொருவரும் அதில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்து, வெளியிட்டு, பிறகு வரலாற்றிலிருந்து மீட்க வேண்டும். மேலாளர் தயங்கித்தான் அழித்தார். மீட்டார். “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஒருமுறை அழித்து மீட்டுப் பார்த்தார். மறுநாள் கட்டண விவரப் பக்கத்தை அவரே திருத்தினார்.

கையேட்டின் இடத்தில் ஒரே தாள் வந்தது. தலைப்புகள் அவர்கள் பேசும் சொற்களிலேயே: ‘மாத்திட்டேன், மாறல’, ‘படம் ஏற மாட்டேங்குது’, ‘அழிஞ்சுபோச்சு’.

பிறகு நடந்தது

வாட்ஸ்அப் குழு கணிசமாக அமைதியானது. ‘மாறவில்லை’ என்ற வரி அரிதாகவே வந்தது. வந்தபோதும் பெரும்பாலும் இரட்டைப் பக்கச் சிக்கல்தான்.

எதிர்பாராத பக்கவிளைவும் ஒன்று இருந்தது. வெறும் எழுத்தாக மட்டும் ஒட்ட முடிந்ததால், எக்செலிலிருந்து கொண்டுவந்த அட்டவணைகள் நொறுங்கி விழுந்தன. அதற்கு அலுவலர்கள் கண்டுபிடித்த வழி: அட்டவணையைத் திரைப்பிடிப்பு எடுத்துப் படமாகப் போடுவது. பிடிஎஃபைவிட இது மோசம். தேட முடியாது, திருத்த முடியாது, திரைவாசிப்பானுக்கு ஒன்றுமே தெரியாது. அவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. நாங்கள் ஒரு வழியை அடைத்தோம், அவர்கள் சுற்றுவழி பார்த்தார்கள். அட்டவணையையும் பட்டியலையும் விட்டுவைத்து, அகலம், நிறம், எழுத்துரு மட்டும் உதிரும்படி ஒட்டும் அமைப்பைத் தளர்த்தினோம்.

இன்னொன்று, எல்லோரும் தைரியமாகத் திருத்தத் தொடங்கியதும் ஒரே பக்கத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறப்பது நடந்தது. பின்னால் வெளியிட்டவரின் பிரதி முன்னவரின் திருத்தத்தை அமுக்கிவிட்டது. ஒருவர் திருத்தும்போது மற்றவருக்குப் பக்கத்தைப் பூட்டும் வசதி வேர்ட்பிரஸ் என்ற தளக் கருவியில் 2013இல் வந்த 3.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எங்கள் கருவியில் இல்லை. திருத்தப் போகும் பக்கத்தின் பெயரைக் குழுவில் ஒரு வரி போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒட்டுவேலைதான், நான்கு பேருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஆசிரியருக்கு யூனிகோடில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைக் கற்றுத்தர முயன்றோம். பழகிய விரல்கள் இடம் மாற மறுத்தன. யூனிகோடாக மாற்றும் கருவி வழியாகப் போனால் ஒவ்வொரு முறையும் பிழை திருத்த வேண்டியிருந்தது. கடைசியில் வழியை அவரே கண்டுபிடித்தார்: அறிவிப்பைக் கைப்பேசியில் எழுதித் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பி, கணினியில் எடுத்து ஒட்டுகிறார். கைப்பேசியில் எழுதுவது இயல்பாகவே யூனிகோடு. நீண்ட கட்டுரைகளை மட்டும் இன்னமும் பாமினியில்தான் எழுதுகிறார். அவற்றை மாற்றிக்கொடுப்பது என் வேலையாகவே தொடர்கிறது.

மறுமுறை மாற்ற வேண்டியவை

பயிற்சியை முதல் நாள் வைப்பதில் பலன் குறைவு. அப்போது யாரிடமும் கேள்வியே இல்லை. ஓரிரு வாரம் வேலை செய்யவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அமைப்புகளைத் திருத்திய பிறகு பயிற்சி வைப்பதே பயன் தரும்.

தளத்தை ஒப்படைக்கும் முன்பே இரட்டைப் பக்கங்களையும் பழைய கோப்புகளையும் களைந்திருக்க வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவை பட்டியலில் விடப்பட்டன. பாதிக் கேள்விகள் அங்கிருந்துதான் முளைத்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் யார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதிவைப்பதும் தொடக்கத்திலேயே செய்யக்கூடியது. கேள்வி கேட்காதவரை முதல் மாதத்திலேயே தேடிப் போய்ப் பேச வேண்டும்.

கோப்பு நூலகம் இன்னும் சுத்தமாகவில்லை. பெயருக்குப் பின்னால் ‘-1’, ‘-2’ ஒட்டிய பிடிஎஃப்கள் கிடக்கின்றன. எது எந்தப் பக்கத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கருவி காட்டுவதில்லை. இளைய அலுவலர் ஒருவர் பக்கம் பக்கமாகத் திறந்து பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கும் இணைப்பில்லாத கோப்புகளை அடுத்த பருவச் சேர்க்கைக்கு முன் நீக்கி, அவற்றின் முகவரிகளை உரிய பக்கங்களுக்குத் திருப்பிவிடுவதாகத் திட்டம்.